பூஸ்ட் எகிறிவிட்டு இறங்குகிறது: மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலரில் எங்கே கை வைப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். கோவையில் ஓடும் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல், 150 குதிரைத்திறன் வண்டி. பந்தும் ஸ்பிரிங்கும் உள்ள மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிப் பொருத்தி, பூஸ்டை, அதாவது டர்போ வளிமண்டலத்துக்கு மேல் திணிக்கும் காற்றழுத்தத்தை, 0.9 பாருக்கு வைத்திருக்கிறீர்கள். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் பூஸ்ட் மீட்டர் முள் 1.3 வரை எகிறி, பிறகு 0.9-க்கு வந்து நிற்கிறது. சில சமயம் செக் லைட் எரிந்து இழுவை செத்துப்போகிறது. சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது. எகிறல் போகிற வரை கன்ட்ரோலரின் குமிழைத் தளர்த்தினால் 0.9 கிடைப்பதில்லை. வேறு பிராண்ட் கன்ட்ரோலர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். உங்களுடைய உண்மையான கேள்வி பிராண்ட் பற்றியது இல்லை. 0.9-க்கும் 1.3-க்கும் நடுவில் இருக்கிற அந்த 0.4 பார் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. அது தெரியாமல் இன்னொரு கன்ட்ரோலர் வாங்கினால் அதே முள் அதே இடத்துக்குத்தான் போகும்.

கன்ட்ரோலர் செய்வது ஒரே வேலை. டர்போவின் கம்ப்ரஸர் வாயில் உருவாகும் அழுத்தம், வேஸ்ட்கேட் கதவைத் திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகாமல் பந்து அடைத்து நிற்கிறது. அழுத்தம் ஸ்பிரிங்கை ஜெயித்ததும் பந்து எழும்புகிறது, காற்று ஆக்சுவேட்டருக்குள் பாய்கிறது, அதற்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வு கம்பியைத் தள்ளுகிறது, வேஸ்ட்கேட் கதவு திறக்கிறது, எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதி டர்பைனைத் தொடாமல் வெளியேறுகிறது. பூஸ்ட் சீக்கிரம் ஏறுவதற்குக் காரணமும் இதுதான்: 0.9 வரும்வரை ஆக்சுவேட்டர் கதவைத் திறப்பதில்லை. எகிறலுக்குக் காரணமும் அதுவேதான். பந்து எழும்பும் நொடியில் ஆக்சுவேட்டருக்குள் அழுத்தம் பூஜ்யம். அது நிரம்பி, கம்பி நகர்ந்து, கதவு போதுமான அளவு திறக்கும்வரை டர்போ சும்மா இருக்காது. அதே வேகத்தில் மேலே போய்க்கொண்டே இருக்கும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மூன்றாம் கியரில் முழு மிதியில் பூஸ்ட் 0.4-இலிருந்து 0.9-க்கு அரை நொடியில் ஏறுகிறது என்று வையுங்கள். அது நொடிக்கு 1 பார். அப்படியானால் கதவு திறப்பதில் ஏற்படும் ஒவ்வொரு பத்தில் ஒரு நொடித் தாமதமும் 0.1 பார் எகிறல். உங்கள் 0.4 பார் என்பது கிட்டத்தட்ட அரை நொடித் தாமதம். நல்ல நிலையில் இருக்கும் ஆக்சுவேட்டர், குட்டையான ஹோஸ், அழுக்கில்லாத கன்ட்ரோலர் மூன்றும் இருந்தால் எகிறல் 0.1 பார் அளவில் அடங்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. 0.4 என்றால் வழியில் ஏதோ ஒன்று காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அல்லது கதவு திறக்க அடம்பிடிக்கிறது.

அதற்கு முன், நீங்கள் பார்ப்பது எகிறல்தானா என்பதை உறுதி செய்ய வேண்டும். மூன்று விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம். சட்டென்று ஏறி ஒரு நொடிக்குள் செட் செய்த அளவுக்குத் திரும்பினால் அது எகிறல். 0.9-இல் நின்று, ஆர்பிஎம் கூடக்கூட 1.0, 1.1 என்று மெதுவாக ஏறிக்கொண்டே போனால் அது ஊர்தல். கதவு முழுதாகத் திறந்தும் வாயு வெளியேற இடம் போதவில்லை என்று பொருள். அதற்கு எந்தக் கன்ட்ரோலரும் மருந்தாகாது. மூன்றாவது இதற்கு நேர்மாறு: 3000-இல் உச்சம் தொட்டு 6000 வரை படிப்படியாக இறங்குவது. உங்கள் வண்டியில் இருப்பது சின்ன கே03 டர்போ. கீழே சட்டென்று ஊதும், மேலே மூச்சு வாங்கும். 6500-இல் 0.9-ஐப் பிடித்து வைக்க அதனால் முடியாது. அந்த இறக்கத்தைப் பார்த்துவிட்டு எகிறல் என்று நினைத்து ஹோஸைப் பிடுங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

மீட்டர் முள்ளையும் அப்படியே நம்ப வேண்டாம். மலிவான மெக்கானிக்கல் மீட்டரில் முள்ளே தன் வேகத்தில் 0.1 பார் தாண்டிப் போய்த் திரும்பும். மடிக்கணினியில் ஓடும் விசிடிஎஸ் மென்பொருளையோ, ஸ்கோடா உள்ளிட்ட ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளைப் படிக்கும் வேறு ஸ்கேனரையோ மாட்டி அளவீட்டுத் தொகுதி 115-ஐப் பதிவு செய்யுங்கள். ஆர்பிஎம், லோட் (என்ஜின் சுமை), இசியு என்ற என்ஜின் கணினி கேட்கும் பூஸ்ட், உண்மையில் வரும் பூஸ்ட் நான்கும் அதில் வரும். எண்கள் மில்லிபாரில், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தே இருக்கும். 1900 என்று காட்டினால் பூஸ்ட் ஏறக்குறைய 0.9. ஒரே நேரத்தில் மூன்று தொகுதிகளைப் பதிவு செய்யாதீர்கள். ஸ்கேனர் நொடிக்கு எடுக்கும் அளவுகள் குறைந்து, அரை நொடி எகிறல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் நழுவிவிடும்.

இனி முதல் சோதனை. கன்ட்ரோலரை முழுதாகக் கழற்றிவிட்டு, கம்ப்ரஸர் வாயில் உள்ள சின்ன முனையிலிருந்து ஆக்சுவேட்டருக்கு நேராக ஒரே ஹோஸ் போடுங்கள். இந்த நிலையில் பூஸ்ட் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங்கின் அளவில், 0.35-லிருந்து 0.45 பாருக்குள், தட்டையாக நிற்க வேண்டும். நின்றால் டர்போவும் கதவும் நலம். கோளாறு கன்ட்ரோலர் பக்கம் இருக்கிறது. நேர் இணைப்பிலேயே எகிறினால் கதவோ ஆக்சுவேட்டரோ சிக்குகிறது. ஆர்பிஎம்மோடு ஊர்ந்து ஏறினால் ஊர்தல். பத்து நிமிட வேலை, செலவு ஒரு முழ ஹோஸ். ஆனாலும் எல்லாரும் இதைத் தாண்டிக் குதித்துத்தான் புதுச் சாமான் வாங்கப் போகிறார்கள்.

நேர் இணைப்பில் சந்தேகம் வந்தால் ஆக்சுவேட்டரைத் தனியாகப் பாருங்கள். இதற்கு வீட்டில் கிடக்கும் பழைய பி.பி. பார்க்கும் கருவியே போதும். முள் வைத்த, ரப்பர் பந்தை அமுக்கும் வகை. கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பந்தையும் முள்ளையும் ஒரு டீ இணைப்பின் வழியாக ஆக்சுவேட்டரில் மாட்டுங்கள். அதில் 300 என்பது ஏறத்தாழ 0.4 பார். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மெதுவாக அமுக்கினால் 230-லிருந்து 300-க்குள் கம்பி நகரத் தொடங்க வேண்டும். நகர்வது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நின்று, திடீரென்று குதித்து நகர்ந்தால் கதவின் அச்சில் கரி பிடித்திருக்கிறது. அழுத்தத்தை விட்டதும் முழுதாகத் திரும்பி வர வேண்டும். 250-இல் பிடித்து வைத்தால் ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் டயாபிரம் கிழிந்திருக்கிறது. கிழிந்த டயாபிரம் என்பது கதவு திறக்காத டர்போ. அதை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரைத் தொடவே கூடாது. கம்பியின் நீளத்தைக் குறைத்து இறுக்கினால் பூஸ்ட் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் பிடிக்கும்தான், ஆனால் கதவு திறக்கும் மொத்த தூரம் குறைந்து, எகிறல் போய் ஊர்தல் வந்து உட்காரும்.

அடுத்தது ஹோஸ். இங்கேதான் பெரும்பாலான 0.4 பார்கள் ஒளிந்திருக்கின்றன. டிரைவர் சீட்டிலிருந்து திருப்பலாம் என்று கன்ட்ரோலரை டேஷ்போர்டில் வைத்து, போக ஒன்றரை மீட்டர், வர ஒன்றரை மீட்டர் என்று ஹோஸ் இழுப்பது சுத்தத் தவறு. 6 மி.மீ உள்விட்டமுள்ள ஹோஸ் ஒரு மீட்டருக்கு 28 சி.சி. காற்றை விழுங்கும், 4 மி.மீ என்றால் 12.6 சி.சி. தான். அந்த இடம் முழுவதும் நிரம்பிய பிறகுதான் ஆக்சுவேட்டருக்குச் சேதி போகும். கன்ட்ரோலரை டர்போவுக்குப் பக்கத்திலேயே, எக்ஸாஸ்ட் சூடு நேராகப் படாத இடத்தில் கட்டி, இரண்டு பக்கமும் சேர்த்து 30 செ.மீ-க்குள், 4 மி.மீ உள்விட்டத்தில், சுவர் தடித்த சிலிகான் ஹோஸ் போடுங்கள். மெல்லிய மீன்தொட்டி டியூப் வேண்டாம். சூட்டில் இளகி வளைவில் மடங்கிவிடும். நான்கு முனைகளிலும் கிளாம்ப் போடுங்கள். ஆக்சுவேட்டர் பக்க ஹோஸ் கழன்றால் பூஸ்ட் குறையாது, கட்டுப்பாடில்லாமல் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆக்சுவேட்டருக்கான அழுத்தச் சேதியை எடுக்கும் இடமும் முக்கியம். இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்திருந்தால் மாற்றுங்கள். இன்டர்கூலரையும் த்ராட்டிலையும் தாண்டி வரும் அழுத்தம் தாமதமாகவும் வரும், கம்ப்ரஸர் வாயில் இருப்பதைவிடக் குறைவாகவும் இருக்கும். அந்த வித்தியாசம் முழுவதும் எகிறலில் போய்ச் சேரும். பூஸ்ட் மீட்டருக்கு வேண்டுமானால் மேனிஃபோல்டிலிருந்து தனியாக எடுங்கள்; ஆக்சுவேட்டர் ஹோஸில் டீ போட்டு மீட்டர் மாட்டுவது வேண்டாம். இதைப் படிக்கிற சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், மிட்சுபிஷி எவோ காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டிகளில் கம்பெனி போட்ட ஹோஸுக்குள் சின்னத் துளையுள்ள அடைப்பான் ஒன்று இருக்கும். அதை எடுக்காமல் அதே ஹோஸில் கன்ட்ரோலர் மாட்டினால் எகிறல் நிச்சயம். 1 மி.மீ துளையின் பரப்பு 4 மி.மீ ஹோஸின் பரப்பில் பதினாறில் ஒரு பங்குதான்.

இப்போது கன்ட்ரோலருக்கு வருவோம். பெரும்பாலானவற்றில் குமிழுக்கு எதிர்முனை டர்போவுக்கு, பக்கவாட்டு முனை ஆக்சுவேட்டருக்கு. மாற்றி மாட்டினால் பந்து திறக்காது, பூஸ்டுக்கு எல்லையே இருக்காது. ஆகவே வாயால் ஊதிப் பார்த்து, கன்ட்ரோலர் உடம்பில் உள்ள அம்புக்குறியையும் பார்த்து மாட்டுங்கள். பந்தைத் தாண்டிய பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும், சுமார் அரை மி.மீ. மிதியை எடுத்த பிறகு ஆக்சுவேட்டரில் மாட்டிக்கொண்ட காற்று வெளியேற அதுதான் வழி. காற்று கசிகிறது என்று நினைத்து அதை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. அடைத்தால் கியர் மாற்றிய பிறகு கதவு பாதி திறந்தபடியே நின்று பூஸ்ட் சோம்பலாக ஏறும். மறுபக்கம், அந்தத் துளை 1 மி.மீ-க்கு மேல் பெரிதாக இருந்தால் ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்று வழியிலேயே ஒழுகி, நிரம்பத் தாமதமாகும், எகிறல் கூடும். மலிவான கன்ட்ரோலர்களில் உண்மையில் பார்க்க வேண்டிய குறை இதுதான்; உடம்பின் பளபளப்பு இல்லை. கழற்றிப் பாருங்கள்: பந்து வழுவழுப்பாக, துருவில்லாமல் இருக்க வேண்டும். டர்போவிலிருந்து வரும் எண்ணெய்ப்புகை பந்தை இருக்கையில் ஒட்டவைக்கும். கார்ப் கிளீனர் அடித்துத் துடைத்து, உலரவிட்டு, கிரீஸ் எதுவும் போடாமல் மாட்டுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் 0.2 பார் எகிறல் மிஞ்சினால், மிச்சம் இருப்பது இடைவெளிப் பிரச்சினை. உங்கள் ஆக்சுவேட்டர் ஸ்பிரிங் 0.35 பார்; நீங்கள் கேட்பது 0.9. அடிப்படை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குள் கேட்டால் பந்துக் கன்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்யும். அதைத் தாண்டினால் முரண்டு பிடிக்கும். இது அனுபவ விதிதான், கதவின் அளவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். அப்போது சரியான தீர்வு 0.6 பார் ஸ்பிரிங் உள்ள ஆக்சுவேட்டர். 0.6-இலிருந்து 0.9-க்கு உதவுவது எளிது. கூடவே, எக்ஸாஸ்ட் அழுத்தம் கதவை நேரத்துக்கு முன்பே தள்ளித் திறப்பதும் குறையும். ஒரு விலை உண்டு: இனி முழு மிதியில் உங்கள் வண்டி 0.6-க்குக் கீழே ஓடவே ஓடாது.

இந்த வண்டிக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதுதான் உங்கள் செக் லைட். இதில் த்ராட்டில் கம்பி கிடையாது, எல்லாம் மின்சாரம். இசியு தான் எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று முடிவு செய்து, என்75 என்ற வால்வை வைத்து வேஸ்ட்கேட்டை ஆள்கிறது. நீங்கள் அந்த வால்வை ஒதுக்கிவிட்டுக் கன்ட்ரோலர் போட்டதும், கேட்டதைவிட அதிகம் வருவதை இசியு பார்க்கிறது. முதலில் த்ராட்டிலைத் தானே மூடுகிறது. வித்தியாசம் நீடித்தால் பி1557 என்ற பிழைக் குறியீடு பதிவாகும், விசிடிஎஸ்ஸில் 17965 என்று வரும். பொருள், பூஸ்ட் கேட்டதைவிட அதிகம். உச்ச வரம்பைத் தாண்டினால் பி1555, அதாவது 17963. அதோடு லிம்ப் மோட், அதாவது என்ஜினைக் காக்க இசியு சக்தியைக் குறைத்துவிடும் நிலை. இழுவை செத்துப்போவது இதனால்தான். எனவே நீங்கள் எகிறலை முழுதாக ஒழித்தாலும், இசியு கேட்காத 0.9-ஐத் தொடர்ந்து கொடுத்தால் அது சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

என்75-இன் மின் இணைப்பைப் பிடுங்க வேண்டாம். அதற்கு வேறு பிழைக் குறியீடு விழும். பிளக் மாட்டியபடியே இருக்கட்டும். அதன் ஹோஸ்களில் ஒன்று டர்போவின் உள்ளிழுக்கும் குழாய்க்குப் போகும். கழற்றியிருந்தால் அந்த முனையை மூடி போட்டுக் கிளாம்ப் செய்யுங்கள். திறந்து கிடந்தால் ஏர்ஃப்ளோ மீட்டர் அளக்காத காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்துவிடும். எகிறலை மட்டும் வெட்ட வேண்டும் என்றால் இன்னொரு வழி, கன்ட்ரோலரை என்75-க்கு இணையாகப் போடுவது. கம்ப்ரஸர் வாயிலிருந்து டீ போட்டு ஒரு கிளை என்75-க்கு, ஒரு கிளை கன்ட்ரோலருக்கு. இரண்டும் இன்னொரு டீயில் சேர்ந்து ஆக்சுவேட்டருக்கு. என்75 கிளையில், சேரும் இடத்துக்கு முன்னால், ஆக்சுவேட்டர் நோக்கி மட்டும் காற்று போகும் ஒருவழி வால்வு வேண்டும். இல்லையென்றால் கன்ட்ரோலர் கொடுக்கும் அழுத்தம் என்75 வழியாக வெளியேறிவிடும். கன்ட்ரோலரை இசியு கேட்கும் உச்சத்தைவிட 0.1 பார் மேலே வையுங்கள். சாதாரண நேரத்தில் இசியு ஆளும், எகிறும் நேரத்தில் மட்டும் பந்து எழும்பும். ஏற்கெனவே இசியு மென்பொருளை மாற்றி ட்யூன் செய்த வண்டியில் எகிறலை அடக்க இது நல்ல ஏற்பாடு. ட்யூன் செய்யாத வண்டியில் பூஸ்டைக் கூட்டுவதற்கு இது உதவாது.

செட் செய்யும்போது குமிழை முழுதாகத் தளர்த்திய நிலையிலிருந்து தொடங்குங்கள். அரைச் சுற்றுக்கு ஒரு ஓட்டம்: மூன்றாம் கியர், 2000 ஆர்பிஎம், முழு மிதி, 5500 வரை. ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மடிக்கணினியைப் பார்க்க வேண்டும். பொதுச் சாலை வேண்டாம்; வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் டைனோ உள்ள பட்டறை, இல்லையென்றால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்தில் அனுமதி கிடைக்கும் நாள். குறிக்கோளை நெருங்கினதும் கால் சுற்று கால் சுற்றாகப் போங்கள். நான்காம் கியரிலும் ஒரு முறை பாருங்கள். லோட் அதிகம் என்பதால் எகிறலும் அங்கே கூடும். வந்ததும் லாக் நட்டை இறுக்குங்கள், அதிர்வில் குமிழ் தானாகத் திரும்பும். நேரமும் கணக்கில் உண்டு. சித்திரை மத்தியானத்தில் செட் செய்த வண்டி மார்கழி விடியலில் கூடுதலாக எகிறும். குளிர்ந்த காற்றில் வைப்பதே பாதுகாப்பு.

ஊட்டிக்கு ஏறினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வளிமண்டல அழுத்தம் அங்கே ஏறத்தாழ 0.78 பார். மீட்டர் அதே 0.9 காட்டினாலும், டர்போ காற்றை அமுக்கும் விகிதம் 1.9 மடங்கிலிருந்து 2.15 மடங்காகிறது. கே03-க்கு அது தாங்காத சுமை. டர்போவின் சக்கரம் அளவுக்கு மீறிச் சுழன்று காற்றை வெறுமனே சூடாக்கும். இசியு ஆளும்போது உயரத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ளும். ஸ்பிரிங்குக்கு ஊட்டி தெரியாது. மலையேறும் முன் குமிழை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் கஞ்சம் வேண்டாம். குறைந்தது 95 ஆக்டேன். தொகுதி 020-இல் நான்கு சிலிண்டர்களுக்கும் இசியு இக்னிஷனை எத்தனை டிகிரி பின்னுக்கு இழுக்கிறது என்று தெரியும். ஓரிரு டிகிரி வந்து போனால் பரவாயில்லை. 6-ஐத் தாண்டி நின்றால் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது. எகிறல் இருக்கிறதோ இல்லையோ, அந்த பூஸ்ட் உங்கள் என்ஜினுக்கு அதிகம். மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் ஓட்டினால் விபத்து கிளெய்மில் பிரச்சினை வரலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஆகவே இன்னொரு கன்ட்ரோலர் இப்போதைக்கு வாங்காதீர்கள். வரிசை இது: நேர் இணைப்புச் சோதனை, ஆக்சுவேட்டர், ஹோஸ், பந்தும் துளையும். இவ்வளவும் சின்னச் செலவில் முடியும். என் ஊகம், டேஷ்போர்ட் வரை ஹோஸ் இழுத்திருக்கிறீர்கள், அல்லது மேனிஃபோல்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். பதிவைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகும் 0.9 நிரந்தரமாக வேண்டுமென்றால் என்75-ஐத் திரும்ப மாட்டி, இசியு-வை ட்யூன் செய்து கேட்பதுதான் இந்த வண்டிக்கு ஒழுங்கான வழி. நேர் இணைப்பில் ஒன்று, கன்ட்ரோலரோடு ஒன்று என்று 115-இன் இரண்டு பதிவுகளையும், ஹோஸ் போகும் வழியைக் காட்டும் ஒரு படத்தையும் போடுங்கள். எங்கே அந்த அரை நொடி போகிறது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.